வெள்ளிக்கிழமைதான் நடை திறக்கும்

பீரோவின் மேல்தட்டில் ஃபைல் இல்லை.

முதலில் நான் பதறவில்லை. எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் வைத்த இடத்தில் இருந்ததாகச் சரித்திரம் கிடையாது. சேலைகளுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். அப்பாவின் பத்திரப் பையைக் கொட்டினேன். ரேஷன் கார்டு இருந்தது, போன வருஷத்துக் கல்யாணப் பத்திரிகைகள் இருந்தன, என் நீல ஃபைல் மட்டும் இல்லை. அப்போது மணி காலை ஐந்தே முக்கால்.

அன்று செவ்வாய்க்கிழமை. மாலை நான்கு மணிக்குள் திருச்சியில் சட்டக் கல்லூரி அலுவலகத்தில் அசல் சான்றிதழ்களோடு நான் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் எனக்கு ஒதுக்கிய இடம் ரத்தாகி அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று ஆணையில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட், பி.ஏ. ஆங்கில இலக்கியச் சான்றிதழ், டி.சி., சாதிச் சான்றிதழ் எல்லாம் அந்த ஒரு ஃபைலுக்குள்தான்.

"அம்மா, ஃபைல் எங்க?"

அம்மா அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"கோயில்லயே வச்சுட்டு வந்துட்டேன்டி பூவிழி."

முந்தின நாள்தான் அம்மா அந்த ஃபைலை எடுத்துக்கொண்டு சிறுவாச்சூர் காளியம்மன் கோயிலுக்குப் போயிருந்தாள். நல்ல காரியத்துக்கு முன்னால் காகிதங்களை அம்மன் காலடியில் வைத்து எடுத்து வருவது எங்கள் பக்கத்து வழக்கம். வண்டி வாங்கினால் ஆர்.சி. புத்தகம், கல்யாணம் என்றால் பத்திரிகை, படிப்பு என்றால் சான்றிதழ். நானும் சந்தோஷமாகத்தான் கொடுத்தனுப்பினேன். இரவு கேட்டபோது, "வச்சிருக்கேன்டி, நீ படு" என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

"வச்சிருக்கேன்னு நேத்து சொன்னியே?"

"பையில இருக்குன்னுதான் நெனச்சேன். இப்பப் பாத்தா காணும். பூசாரிகிட்ட குடுத்தேன், ஒரே நெருக்கடி, திரும்ப வாங்காமயே வந்துட்டேன் போல."

"இன்னிக்குத்தாம்மா கடைசி நாள்!"

"அதுக்கு என்ன பண்றது? வெள்ளிக்கெழமதான் நடை தெறக்கும். அம்மனுக்கு இதுல விருப்பமில்ல போலருக்கு, விட்டுரு. பி.எட். படிச்சா ஆகாதா?"

அந்தக் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். மற்ற நாட்களில் அம்மன் மலையில் இருக்கிறாள் என்று நம்பிக்கை. கலெக்டரே வந்து கேட்டாலும் செவ்வாய்க்கிழமை அந்தக் கதவைத் திறக்க யாரும் துணியமாட்டார்கள். இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் கையைக் கட்டிக்கொண்டு வீட்டில் உட்கார என்னால் முடியாது. பூசாரி வீட்டுக் கதவையாவது தட்டுவது என்று ஒதுக்கீட்டு ஆணையை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அப்பா விடியும் முன்பே முந்திரிக் கொல்லைக்குப் போய்விட்டார். அம்மா வாசல் வரை வந்தாள். "சாப்பிட்டுப் போடி" என்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

உடையார்பாளையத்தில் அரியலூர் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் மாமியார் வீட்டுக்கு வந்ததுபோல் நின்று நின்று போனது. சிமென்ட் லாரி ஒன்று முன்னால் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வழிவிடாமல் நகர்ந்தது. டிரைவருக்கு அவசரமே இல்லை.

பி.ஏ. இங்கிலீஷ் படித்தவளுக்கு எங்கள் ஊர் ஒரே ஒரு வழியைத்தான் வைத்திருக்கிறது. "டீச்சரா?" என்று கேட்பார்கள். கேள்வி மாதிரித்தான் இருக்கும், ஆனால் பதிலையும் அவர்களே வைத்திருப்பார்கள். எங்கள் வகுப்பில் சகாய ஆனந்த் மெடிக்கல் கோடிங் வேலைக்குத் திருச்சி போய்விட்டான். நாள் முழுக்க யார் யாருக்கு என்ன வியாதி என்று எண் போடுகிறானாம். இரண்டு பேருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. நாலு பேர் பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். வரதராஜன்பேட்டை ஆரோக்கிய செல்வி பி.எட். சேர்ந்துவிட்டாள். அவள் வீட்டில் அப்பா, அத்தை, சித்தி எல்லோருமே வாத்தியார்கள், அவளுக்கும் அதுதான் பிடித்திருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

நான் சட்டத்துக்கு ஆசைப்பட்டதற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. இரண்டாம் வருஷம் படிக்கும்போது ஊரில் சிலருக்கு நிலம் சம்பந்தமாக இங்கிலீஷில் நோட்டீஸ் வந்தது. இங்கிலீஷ் படிக்கிற பொண்ணு என்று என்னிடம்தான் கொண்டுவந்து நீட்டினார்கள். ஒரு வார்த்தை விடாமல் படித்துச் சொன்னேன். "சரி, இப்ப நாங்க என்னா பண்ணணும்?" என்று கேட்டார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றைக்குப் பட்ட வெட்கம்தான் மூன்று வருஷச் சட்டப் படிப்புக்கு என்னை விண்ணப்பம் போடவைத்தது.

இடம் கிடைத்த அன்று அப்பா, "கவர்மென்ட்டு காலேஜா? சேரு" என்றார். அதோடு அவர் பேச்சு முடிந்தது. அம்மா மட்டும் ஒன்று கேட்டாள்.

"கறுப்புக் கோட்டு போடணுமாடி?"

"ஆமாம்மா, நம்மூரு வெயில்ல வெந்து சாகணும்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை என்பது அப்போது என் கண்ணில் பட்டது, மனசில் படவில்லை.

அரியலூரில் இறங்கி ஓடிப்போய்ப் பெரம்பலூர் பஸ்ஸைப் பிடித்தேன். பெரம்பலூரில் திருச்சி பஸ் மாறினேன். சிறுவாச்சூர் நிறுத்தத்தில் இறங்கியபோது மணி ஒன்பதே கால்.

திங்கட்கிழமை நெருக்கியடிக்கிற அந்தத் தெருவில் ஈ காக்கை இல்லை. கோயில் கதவில் பூட்டு தொங்கியது. ஒரே ஒரு கடையின் படுதா மட்டும் பாதி தூக்கியிருந்தது. உள்ளே ஒரு அம்மாள் எலுமிச்சம்பழங்களில் அழுகலைப் பிரித்துக்கொண்டிருந்தார். பூசாரி வீடு எங்கே என்று கேட்டேன். விஷயத்தையும் மூச்சிரைக்கச் சொன்னேன்.

"உள்ளயா இருக்கு? இருக்காதே பாப்பா" என்றார் அவர். "நடை சாத்துறதுக்கு முந்தி தட்டு, பேப்பர், சாவி எல்லாத்தையும் உடையவங்ககிட்டக் குடுத்துட்டுத்தான் சாத்துவாங்க. அடுத்தவங்க சாமான் ஒண்ணையும் உள்ள வச்சுக்க மாட்டாங்க. நான் இருவது வருசமா இந்தக் கடையில உக்காந்திருக்கேன். பாப்பாத்தின்னு கேட்டா எல்லாருக்கும் தெரியும்."

நான் போனில் அம்மாவின் போட்டோவைக் காட்டினேன். பாப்பாத்தியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தார்.

"இவங்களா! நேத்து இங்கதான் உக்காந்திருந்தாங்க, இந்தா இந்த ஸ்டூல்ல. மடியில நீலக் கலர்ல ஒரு ஃபைலு, குங்குமமெல்லாம் பட்டிருந்துச்சு. அரை மணி நேரம் அழுதாங்க பாப்பா. வூட்ல யாருக்கோ ஒடம்புக்கு முடியலையாக்கும்னு நெனச்சு, நான் ஒண்ணும் கேட்டுக்கல. அப்புறம் எந்திரிச்சு, பெரம்பலூர்ல பி.எட். காலேஜுக்கு எந்தப் பஸ்ல போவணும்னு கேட்டாங்க."

நான் அந்த ஸ்டூலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்படியென்றால் காலையில் அம்மா சொன்னது பச்சைப் பொய். அதுவும் யாரும் போய்ச் சரிபார்க்க முடியாத பொய். பூட்டிய கோயிலை எவன் கேள்வி கேட்பான்? அவ்வளவு யோசித்திருக்கிறாள். எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் பிறகுதான் வந்தது. முதலில் அழுகைதான் வந்தது. எங்கள் வீட்டில் எல்லாவற்றிலும் என் கட்சியாக இருந்தவள் அவள் ஒருத்திதான்.

அந்த நேரத்தில் போன் அடித்தது. ஆரோக்கிய செல்வி.

"ஏய் பூவிழி, நீ எங்க காலேஜ்லதான் சேர்ந்திருக்கியா? சொல்லவே இல்ல! இப்ப அட்டெண்டன்ஸ் எடுத்தாங்க. முப்பத்தி நாலு, வி.பூவிழி. நீதானேடி அது? லா காலேஜுன்னு சொன்ன?"

"செல்வி, என் ஒரிஜினல் அங்கதான் இருக்கா?"

"இங்கதான் இருக்கும். சேர்ந்தா எல்லாரோடதையும் வாங்கி ஆபீஸ் பீரோவுல வச்சுருவாங்க. ஏன், என்ன ஆச்சு?"

நான் நெடுஞ்சாலைக்கு ஓடினேன்.

அந்தக் கல்லூரி பெரம்பலூருக்கு வெளியே ஒரு சோளக்காட்டை ஒட்டி இருந்தது. ஆபீசில் கிளார்க்கின் நாற்காலி காலியாக இருந்தது. பதினொரு மணிக்குத்தான் வந்தார். மேசையில் அண்ணாதுரை என்று பெயர்ப்பலகை. வெள்ளை வேட்டி, புதுச் சட்டை, நெற்றியில் சந்தனம், நல்ல சந்தோஷத்தில் இருந்தார். நான் சொல்லச் சொல்ல அந்தச் சந்தோஷம் மெல்ல வடிந்தது.

"உங்கம்மாதாம்மா நேத்து சாயங்காலம் வந்து சேர்த்தாங்க. பொண்ணு ரெண்டு நாள்ல வந்து கையெழுத்து போடும்னாங்க. எடம் இருந்துச்சு, சேர்த்துக்கிட்டோம்."

"நான் கேக்கலியே சார். எனக்கு இருபத்தியோரு வயசு. என் சர்ட்டிபிகேட்ட நான் கேக்குறேன், குடுங்க."

"அதெல்லாம் கோர்ட்ல போய்ப் பேசு. இங்க ரெஜிஸ்டர்ல யாரு கையெழுத்து போட்டு ஒப்படைச்சாங்களோ அவங்க கையெழுத்து போட்டாத்தான் வெளிய போகும். நாளைக்கு உங்கம்மா வந்து, எம்பொண்ணு சர்ட்டிபிகேட்ட எவகிட்ட குடுத்தன்னு நின்னா நான் எங்க போறது?"

"நாலு மணிக்குள்ள நான் திருச்சியில இருக்கணும் சார்."

"ரெண்டு மணிக்கு நான் செட்டிகுளத்துல இருக்கணும்மா. மச்சினன் பொண்ணுக்குச் சடங்கு. ரெண்டு அடிச்சா பீரோவப் பூட்டிட்டுக் கெளம்பிடுவேன். அதுக்குள்ள உங்கம்மாவ வரச் சொல்லு."

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அந்த நிமிஷத்தில் எனக்கு அப்படித் தோன்றவில்லை என்பது வேறு விஷயம். அவர் வேட்டியில் தீ வைக்கலாம் போலிருந்தது.

வராந்தாவில் நின்று அம்மாவுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் தடவை அப்பா எடுத்தார்.

"உங்கம்மா வூட்ல இல்லியே. போன அடுப்பு மேடையிலயே போட்டுட்டுப் போயிட்டா. நீ போன அடுத்த பஸ்லயே அவளும் ஏறுனாளாம், பக்கத்து வூட்ல சொன்னாங்க. ஒன்கூட இல்லியா?"

எங்கே போயிருப்பாள்? உடையார்பாளையத்திலிருந்து பெரம்பலூர் வர இரண்டு மணி நேரம் போதும். அடுத்த பஸ்ஸான ஏழரை மணி பஸ்ஸில் கிளம்பியிருந்தால் இந்நேரம் வந்திருக்க வேண்டும். என்னைத் தடுக்க வருகிறாளா, வேறு எங்காவது போய்விட்டாளா? அரை மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதவள் என்பது ஞாபகம் வந்தபோது சட்டப் படிப்பெல்லாம் மறந்து போய் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. "வந்துருவா" என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

பன்னிரண்டரை ஆனது. செல்வி இடைவேளையில் ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுடைய டிபன் பாக்ஸைத் திறந்து என் முன்னால் வைத்தாள். ஒரு வாய்கூட இறங்கவில்லை.

"எனக்கு இது புடிச்சு வந்தேன்டி. நீ புடிக்காம இங்க உக்காந்தா அந்தப் பிள்ளைங்க பாவம்" என்றாள். எந்தப் பிள்ளைகள் என்று நான் கேட்கவில்லை. நான் பாடம் எடுக்கப் போகிற பிள்ளைகளைத்தான் சொன்னாள்.

ஒன்றேகாலுக்கு கேட்டுக்குள் அம்மா வந்தாள்.

வேகாத வெயிலில் செருப்பில்லாமல் வந்தாள். காலையில் அவசரத்தில் போட மறந்திருக்கிறாள். சிறுவாச்சூருக்குப் போய் என்னைத் தேடியிருக்கிறாள். என்னிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் பின்னாலேயே கிளம்பினாளாம். வழியில் பஸ் பஞ்சராகி நின்றதில் இரண்டு மணி நேரம் போய்விட்டது. நான் வந்ததையும் பி.எட். காலேஜ் பற்றித் தான் எனக்குச் சொன்னதையும் கடைக்காரம்மாள் அவளிடம் சொல்லியிருக்கிறார். அங்கிருந்து திரும்பி நேராக இங்கே.

நான் அவளைச் சைக்கிள் ஷெட் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்று இரண்டு மணி நேரமாக வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். அவள் பாதத்தைப் பார்த்ததும் பாதி காணாமல் போய்விட்டது.

"ஏம்மா இப்படிப் பண்ண? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதானே? அம்மன் பேர்ல பொய் சொல்ற அளவுக்கு நான் என்ன பண்ணேன்?"

"சொன்னா கேப்பியா நீ?"

"கேக்க மாட்டேன். ஆனா சண்டையாவது போட்டிருப்போம்ல!"

அம்மா ஷெட்டின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நான் போனில் மணியைப் பார்த்தேன். ஒன்று இருபத்தைந்து.

"நீ அஞ்சாவது படிக்கையில நம்ம கொல்லைக்கு வேலித் தகராறு வந்துச்சுல்ல" என்றாள். "பங்காளி வேலியப் புடுங்குனத நான்தான் கண்ணால பாத்தேன்னு என்னை சாட்சிக்குக் கூப்புட்டாங்க."

எனக்கு ஞாபகம் இருந்தது. கோர்ட்டுக்குப் போய் வந்த அன்று அம்மா சேலையோடு தலைக்கு ஊற்றிக்கொண்டு படுத்தாள். மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் என்று எங்களிடம் சொன்னார்கள்.

"அந்தப் பக்கத்து வக்கீலு எந்திரிச்சான். விடியக்காலம் நாலு மணிக்கு ஆம்பள இல்லாத கொல்லையில ஒனக்கு என்னா வேலைன்னு கேட்டான். யாரப் பாக்கப் போனன்னு கேட்டான்." அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "பொம்பளைங்க அந்த நேரத்துக்கு எதுக்குடி கொல்லப்பக்கம் போவோம்? வூட்ல அப்ப கக்கூஸ் கட்டல. அத அம்பது ஆம்பளைங்களுக்கு முன்னால எப்புடிச் சொல்லுவேன்? வாயத் தொறந்தா சத்தம் வரல. ஜட்ஜு, சத்தமா சொல்லும்மா, சத்தமா சொல்லும்மாங்குறாரு. அவன், பதில் இல்லை, எழுதிக்குங்கன்னான். பின்னால உக்காந்திருந்தவனெல்லாம் சிரிச்சான்."

நான் அவள் கையைப் பிடித்தேன்.

"நம்ம வக்கீல் எங்கம்மா இருந்தாரு?"

"பக்கத்துலதான். ஃபைலப் பொரட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரு."

"அவர் எந்திரிச்சிருக்கணும்மா. அசிங்கமான கேள்வியக் கேக்கக் கூடாதுன்னு தடுக்கச் சட்டத்துல எடம் இருக்கு. அவரு எந்திரிச்சுச் சொல்லியிருந்தா ஜட்ஜு தடுத்திருக்கலாம்."

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"தடுக்கலாமா?"

"தடுக்கலாம்மா."

"நெசமாவா சொல்ற?"

"இடம் கெடைக்கும் முன்னாடியே ஆசைக்கு ஒரு பழைய சட்டப் புஸ்தகம் வாங்கிப் படிச்சேன். அதுல இருக்கு."

"கோர்ட்டுன்னா அப்படித்தான் கேப்பாங்க, நாமதான் வாங்கிக்கணும்னுல்ல இத்தன வருசமா நெனச்சுக்கிட்டு இருந்தேன்." அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அழுகையைவிட ஆத்திரம்தான் அதில் அதிகம் இருந்தது. "அப்ப அந்த ஆளு ஏன்டி எந்திரிக்கல?"

நோட்டீஸோடு வந்தவர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்ற மாதிரியே மறுபடியும் நின்றேன்.

"அந்தக் கோட்டப் போட்டுக்கிட்டு நீயும் எவளையாவது இப்படிக் கேட்டுருவியோன்னு பயந்தேன்" என்றாள் அம்மா. "கேக்காட்டியும், அந்த ஆளு மாதிரி ஃபைலப் பொரட்டிக்கிட்டு உக்காந்துருவியோன்னு அதவிடப் பயமா இருந்துச்சு. டீச்சருன்னா இந்தக் கருமமெல்லாம் இல்லன்னு நெனச்சேன். அம்மன் காலடியில இருந்து ஃபைல எடுக்குறப்பவே நான் பண்றது தப்புன்னு தெரிஞ்சுது. தெரிஞ்சுதான் பண்ணேன்."

நான் பெரிய சத்தியமெல்லாம் செய்யவில்லை. செய்ய வாய் வரவில்லை. "நான் எந்திரிப்பேன்மா" என்று மட்டும் சொன்னேன். சொல்லும்போது எனக்கே பயமாக இருந்தது. அந்தப் பின்வரிசைச் சிரிப்புக்கு நடுவில் எழுந்து நிற்க எனக்குத் துணிச்சல் வருமா என்று யாருக்குத் தெரியும்?

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "மணி என்னா?" என்று கேட்டாள்.

"ஒண்ணே முக்கால்."

நாங்கள் ஆபீசுக்குள் நுழைந்தபோது அண்ணாதுரை சார் பைக் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். அம்மாவைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டு மறுபடி உட்கார்ந்தார். ஒரு படிவத்தை நீட்டினார்.

"இதுல பேரு, தேதி, காரணம் எழுதிக் கையெழுத்து போடுங்கம்மா. காரணத்துல 'சொந்தக் காரணம்'னு போட்டா போதும். எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க."

அம்மா பேனாவை வாங்கினாள். எட்டாவது வரை படித்தவள். எழுதி வருஷக்கணக்காகிறது. பெயரை எழுதினாள், தேதி போட்டாள். காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. சுவர்க் கடிகாரத்தில் இரண்டுக்கு எட்டு நிமிடம் இருந்தது. அண்ணாதுரை சார் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். மனம் மாறிவிட்டாளோ?

"அம்மா, சொந்தக் காரணம்னு..."

"சும்மா இருடி" என்றாள்.

ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதினாள். கட்டம் போதாமல் எழுத்து ஓரத்தில் ஏறியது. 'என் மகளைக் கேட்காமல் நான்தான் இங்கே சேர்த்தேன். அது என் தப்பு. என் மகள் வக்கீலுக்குப் படிக்கப் போகிறாள்.' கீழே கிருஷ்ணம்மாள் என்று கையெழுத்துப் போட்டாள்.

அண்ணாதுரை சார் படித்துப் பார்த்தார். எழுந்து போய் பீரோவைத் திறந்தார். நீல ஃபைல் வெளியே வந்தது. அட்டையில் குங்குமம் ஈஷியிருந்தது. நான் ஒவ்வொரு சான்றிதழாக எண்ணிப் பார்த்துவிட்டுத்தான், பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டேன்.

"வாங்க, பஸ் ஸ்டாண்டு வழியாத்தான் போறேன், ரெண்டு பேரும் ஏறுங்க" என்றார் அவர். ஒரு பைக்கில் மூன்று பேர், நடுவில் ஃபைலைக் கட்டிக்கொண்டு நான். "மொத கேசு இந்த டிரிபிள்ஸ் கேசுதான் ஒனக்கு" என்று அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அன்றைக்கு முதல் தடவையாக வந்தது.

இரண்டு இருபதுக்குத் திருச்சி பஸ் கிளம்பியது. சிறுவாச்சூர் நிறுத்தம் வந்தபோது அம்மா ஜன்னல் வழியாகக் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். டோல்கேட்டில் வண்டிகள் ஊர்ந்தன. மூன்றேகால், மூன்று இருபத்தைந்து. நான் நகத்தைக் கடித்தேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். திருச்சியில் இறங்கி ஆட்டோவில் ஏறியபோது மூன்று முப்பத்தெட்டு. கல்லூரி வராந்தாவில் ஓடியபோது மூன்று ஐம்பத்திரண்டு.

வரிசையில் எனக்கு முன்னால் இரண்டே பேர். கறுப்புக் கோட்டுப் போட்ட சீனியர் மாணவர்கள் வராந்தாவில் பேசிச் சிரித்துக்கொண்டு போனார்கள். அம்மா சுவரோரமாக ஒதுங்கி நின்றாள். அந்தக் கோட்டுகள் கடக்கும்போதெல்லாம் முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அவள் ஓடிப்போய்விடுவாளோ என்று நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். போகவில்லை.

என் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் சான்றிதழ்களைப் புரட்டினார். மார்க் ஷீட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த குங்குமத்தை விரலால் தட்டிவிட்டார். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியாக ஒரு காகிதத்தை இழுத்துவைத்து, தலையைத் தூக்காமலே கேட்டார்.

"கூட வந்திருக்கறது யாரு? பேரு?"

நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"கிருஷ்ணம்மாள்! இவளோட அம்மா!"

வராந்தா முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். பேசிக்கொண்டு போன கறுப்புக் கோட்டுகள் நின்று திரும்பிப் பார்த்தன. அம்மா சுவரை விட்டு விலகி, வெறுங்காலோடு நேராக மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"வேற என்னா கேக்கணும்? கேளுங்க, சொல்றேன்" என்றாள்.